ஒரத்தநாட்டுக்கு ஒரு கிலோ பவுடர்

தஞ்சாவூர் புது பஸ் ஸ்டாண்டில் பட்டுக்கோட்டை பஸ் ஏறி உட்கார்ந்ததுமே, பக்கத்து சீட் பெரியவர் என் மடியிலிருந்த பையை முறைக்க ஆரம்பித்துவிட்டார். பை ஓரத்தில் சின்ன ஓட்டை. அது வழியாக வெளிர் பழுப்பில் ஒரு பவுடர் இறங்கி என் ஜீன்ஸில் புள்ளி வைக்காத கோலம் போட்டிருந்தது.

"என்னா தம்பி, பூச்சி மருந்தா?"

"இல்லீங்க. மாட்டுக்கு... ஜீரணத்துக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாட்டுக்கு அஜீரணம்னா வெத்தலையில ஓமத்தை வச்சுக் குடுத்தா தீந்துது. இதுக்குப் போயி மெட்ராஸ்லேருந்தா தூக்கியார்றீங்க?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் தூங்கிவிட்டார். தஞ்சாவூர் ஜில்லாவில் கேள்வி கேட்பது மரியாதைக்கு. பதில் எதிர்பார்க்கமாட்டார்கள்.

விஷயம் இதுதான் ஸார். நான் சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். எனக்கும் மாட்டுக்கும் உள்ள சம்பந்தம் காலை ஆறு மணிக்கு வாசலில் தொங்கும் பால் பாக்கெட்டோடு சரி. ஆனால் ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் எனக்கு ஒரு சித்தப்பா இருக்கிறார். சித்தப்பாவிடம் ஒரு ஜெர்ஸி கலப்புப் பசு. போன மாசியில் போன் பண்ணினார்.

"தம்பி, லட்சுமி ஒரு போர் வைக்கோலைத் திங்குது. பால் மட்டும் வர மாட்டேங்குது. சொசைட்டியில ஊத்துனா ஃபேட் இல்ல, டிகிரி இல்லங்கிறான். தரகர் வந்து பாத்துட்டுப் போயிருக்காரு. குடுத்துடலாம்னு இருக்கேன்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. காரணம் உண்டு. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று தென்னந்தோப்புகளை வரிசையாகச் சாய்த்துக்கொண்டு போனதே, அதில் சித்தப்பாவின் தோப்பும் போயிற்று. சாய்ந்த மரங்களை விற்ற காசும் நிவாரணமாக வந்த காசும் சேர்ந்து கன்றுக்குட்டியாக வாங்கினதுதான் லட்சுமி. தென்னை வைத்தால் காய்க்க அஞ்சாறு வருஷம். பசு ரெண்டு வருஷத்தில் பால் கொடுக்கும் என்று சித்தப்பா போட்ட கணக்கு அது. ஆக, லட்சுமி போனால் ஒரு மாடு மட்டும் போவதில்லை.

நான் சும்மா இருக்கலாம் இல்லையா? இருக்கவில்லை. ஆபீஸில் லஞ்ச் டயத்தில் செல்போனில் தேடினேன். 'நாரை உடைக்கும் என்சைம். தீவனத்தில் கலந்தால் செரிமானம் கூடும், பால் கூடும்.' ஒரு கடையில் கேட்டேன். கிலோ 780 ரூபாய் என்றார்கள். வாங்கினேன். நம்மூர் ஆபீஸ்காரன் கிராமத்துக்குப் புறப்பட்டால் சும்மாவா புறப்படுவான்? கூடவே ஒரு தீர்வையும் தூக்கிக்கொண்டுதான் புறப்படுவான்.

தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். சிவாஜி கணேசனின் பண்ணை வீடு இருக்கிற சூரக்கோட்டையைத் தாண்டியதும் நம் கண்ணுக்குப் பழகின தஞ்சாவூர் மாறிவிடும். இது பழைய டெல்டா இல்லை, புது ஆறு பாயும் பூமி. 1934இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கல்லணைக் கால்வாயைத்தான் இங்கே புது ஆறு என்பார்கள். தொண்ணூறு வருஷம் ஆகியும் 'புது' ஆறு! எங்கள் ஆபீஸில் பதினெட்டு வருஷமாக 'புது மேனேஜர்' என்றே ஒருவரைக் கூப்பிடுகிறோம், அந்தக் கணக்கு.

மாசி மாதம். அறுப்பு முடிந்து வயல் முழுக்கத் தாள் நின்றது. முன்பெல்லாம் அரிவாளால் அறுத்து, களத்தில் அடித்து, வீட்டு வாசலில் வைக்கோல் போர் போடுவார்கள். இப்போது மெஷின் வந்து ஒரு பக்கம் நெல்லைத் துப்பி, மறுபக்கம் வைக்கோலைக் கடித்துத் துப்பிவிட்டுப் போகிறது. பின்னாலேயே இன்னொரு மெஷின் வந்து அதை உருளை உருளையாகச் சுருட்டிக் கட்டுகிறது. தூரத்தில் ஒரு வயலில் கீதாரி ஒருவர் ஆட்டுக் கிடை போட்டிருந்தார். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து நடந்தே வருகிறவர்கள். வயலுக்கு எரு, ஆட்டுக்குத் தாள், கீதாரிக்குக் காசு. இதில் எந்தப் பவுடரும் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒரத்தநாடு என்றால் பழைய ஆட்களுக்குச் சத்திரம்தான் ஞாபகம் வரும். இரண்டாம் சரபோஜி மன்னர் தன் மனத்துக்குப் பிடித்த முக்தாம்பாள் பெயரில் கட்டியது. சாகும்போது அந்த அம்மாள் கேட்டது பட்டோ நகையோ இல்லை, தன் பெயரில் நாலு பேருக்குச் சோறு போட ஒரு சத்திரம்தான் என்று ஊரில் சொல்வார்கள். ஊருக்கே முக்தாம்பாள்புரம் என்று ஒரு பெயர் உண்டு. பின்னாளில் பள்ளிப் பிள்ளைகள் தங்கிப் படித்த இடம். வழிப்போக்கனுக்கு எதைப் போட்டால் செரிக்கும் என்று இருநூறு வருஷமாக யோசித்த ஊர், மாட்டை மட்டும் விட்டுவிடுமா? 2012இல் இங்கே கால்நடை மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. பக்கத்து ஈச்சங்கோட்டையில் அரசுக் கால்நடைப் பண்ணை. இவ்வளவும் சுற்றி இருக்க, சென்னையிலிருந்து ஒருத்தன் பவுடரோடு வந்து இறங்கினான்.

சித்தி மோர் கொடுத்தாள். தண்ணீராக இருந்தது. "பாலே அப்படித்தாம்ப்பா இருக்கு, மோர் மட்டும் எப்படி இருக்கும்?" என்றாள்.

கொட்டிலுக்குப் போனேன். லட்சுமி நல்ல உசரம், செவலை நிறம், கண்ணில் ஒரு அலட்சியம். கவணை நிறைய வைக்கோல். காலையில் புது ஆற்றுக் கரையில் மேயப் போய்வரும், மத்தியானத்திலிருந்து வைக்கோல், கறக்கும் நேரத்தில் ஒரு கை தவிடு. அவ்வளவுதான் சாப்பாடு. புண்ணாக்கு விலை ஏறினதிலிருந்து அதை நிறுத்திவிட்டார்களாம்.

நான் பவுடரை எடுத்தேன். சித்தப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவின் அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தார். "செல்லு... லேஸு. சைல... னேஸு. ஏண்டா, பேரெல்லாம் மலையாளத்து நர்ஸம்மா பேரு மாதிரி இருக்கு?"

"அது என்சைம் சித்தப்பா. பள்ளிக்கூடத்துல நொதின்னு படிச்சது. கடாக் கறியில பப்பாளிக்காய்த் துண்டு போட்டா சீக்கிரம் வெந்துடுதுல்ல? பப்பாளிப் பால்ல இருக்கிற என்சைம் கறியை உடைக்குது. இது வைக்கோலை உடைக்கும்."

பப்பாளி உதாரணத்தில் சித்தப்பா கொஞ்சம் விழுந்துவிட்டார். நாலு நாள் தவிட்டில் ஒரு ஸ்பூன் கலந்து கொடுத்தோம். நாலு நாளும் சொசைட்டிக்கு நானே பால் கேனோடு சைக்கிளில் போனேன். ஃபேட் காட்டும் மெஷின் முன்னால் பரீட்சை ரிசல்ட் பார்க்கிற மாதிரி நின்றேன். முதல் நாள் 3.4. நாலாம் நாள் 3.4. நடுவில் ஒரு நாள் 3.3. அது என் சைக்கிள் குலுக்கலாக இருக்கலாம்.

ஐந்தாம் நாள் காலை தரகர் வந்தார். தோளில் துண்டு. மாட்டைச் சுற்றி வந்து, வாயைத் திறந்து பல் பார்த்து, சித்தப்பாவின் கையைத் துண்டுக்கு அடியில் பிடித்து விரல் பேரம் பேசினார். துண்டுக்குள் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது. ஆனால் சித்தப்பாவின் முகத்தில் தெரிந்தது. "நாளைக்குச் சொல்றேன்" என்றார். தரகர் போனதும் சித்தி எதுவும் பேசாமல் கழுநீர்த் தொட்டியைக் கழுவ ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே கழுவியிருந்தது.

அன்றைக்குத்தான் ஒரத்தநாடு கடைத்தெருவில் டாக்டரைப் பார்த்தோம். சர்வீஸில் இருந்து ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர். டீக்கடை பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சித்தப்பாதான் கூட்டிப்போனார். டப்பாவை வாங்கிப் பார்த்துவிட்டு டாக்டர் என்னைக் கேட்ட முதல் கேள்வி:

"தம்பி, நீங்க போட்டிருக்கிற ஜீன்ஸ் ஏன் வெளுத்த மாதிரி இருக்கு?"

"அது ஸ்டோன்வாஷ் டாக்டர்."

"கல்லும் போடுவான். இப்ப நிறைய இடத்துல இந்தச் செல்லுலேஸைத்தான் போடுறான். பருத்தி நூலோட மேல்பக்கத்தை லேசா அரிச்சுடும். சாயம் கொஞ்சம் போயிடும். உங்க பேண்ட்டும் எங்க மாடும் ஒரே மருந்து சாப்புடுது!"

டீக்கடையே சிரித்தது. நான் கடையைச் சேர்ந்தவன் போல நானும் சிரித்து வைத்தேன்.

அதன் கதையையும் அவரே சொன்னார். இரண்டாம் உலக யுத்தத்தின்போது பசிபிக் கடலில் சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் கூடாரத் துணியெல்லாம் மக்கி மக்கிக் கிழிந்ததாம். ஜப்பான்காரன் குண்டு போட்டுக் கிழிந்தால் கணக்குத் தெரியும், இது எவன் வேலை என்று தேடினால் ஒரு பூஞ்சை. 1944இல் அதைப் பிடித்து வைத்தார்கள். பருத்தியில் இருப்பது செல்லுலோஸ். அதை அந்தப் பூஞ்சை சர்க்கரையாக உடைத்துச் சாப்பிடுகிறது. மாசசூசெட்ஸில் நாட்டிக் என்ற ஊரில் உள்ள ராணுவ ஆராய்ச்சிக்கூடத்தில் எல்வின் ரீஸ், மேரி மேண்டல்ஸ் என்ற இருவர் அதையே கட்டிக்கொண்டு மாரடித்தார்கள். அந்தப் பூஞ்சைக்கு ரீஸ் பெயரையே வைத்து டிரைகோடெர்மா ரீஸி என்கிறார்கள். எதிரியாகப் பிடித்த பூஞ்சை இன்றைக்குத் தொழிற்சாலையில் என்சைம் கறக்கும் பசு.

"அப்ப வைக்கோலையும் உடைக்கணும்ல டாக்டர்? ஏன் உடைக்கலை?"

"உடைக்காமல் என்ன. ஆனா உங்க சித்தப்பா மாட்டுக்கு அந்தச் செல்லுலேஸ் பஞ்சமா? மாட்டோட பெருவயித்துக்குள்ள ஒரு மில்லித் தண்ணியில ஆயிரம் கோடி பாக்டீரியா இருக்கு. பூஞ்சை இருக்கு, புரோட்டோசோவா இருக்கு. அதுங்க வேலையே செல்லுலேஸ் செய்யறதுதான். கொல்லன் தெருவுல ஊசி விக்க வந்திருக்கீங்க."

எனக்குச் சுருக்கென்றது. 780 ரூபாய் ஊசி.

அவர் விடவில்லை. பால் வற்றியதன் காரணத்தை வரிசையாக வைத்தார். நம்ம வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூணு நாலுதான். அந்தப் பாக்டீரியாக்கள் உயிரோடு பெருகி வேலை செய்ய ஏழு பங்காவது வேண்டும். கூலிக்காரனுக்குச் சோறு போடாமல் கையில் இன்னொரு மண்வெட்டியைக் கொடுத்தால் வெட்டுவானா? நான் கொடுத்தது மண்வெட்டி. அதோடு நெல் வைக்கோலில் மணல் சத்து, அதாவது சிலிகா, கோதுமை வைக்கோலைவிடப் பல மடங்கு. அதுவும் தண்டைவிட இலையில்தான் அதிகம். மற்ற வைக்கோல்களில் இலை நல்லது, தண்டு மட்டம்; நெல்லில் தலைகீழ். செரிக்காத வைக்கோல் வயிற்றிலேயே கிடக்கும். கிடந்தால் இடம் இருக்காது. இடம் இல்லாவிட்டால் மாடு அடுத்த வாயை எப்படித் தின்னும்? "ஒரு போர் திங்குது"ன்னு சித்தப்பா சொன்னது தப்பு. தள்ளிவிட்டதும் மிதித்ததுமே பாதி. நார் செரித்து வரும் அமிலத்திலிருந்துதான் பாலில் கொழுப்பு வரும். செரிக்கவில்லை, ஃபேட் இல்லை. அவ்வளவுதான் கதை.

"கிழக்கே உம்பளச்சேரி மாடு இருக்கே, அதுக்கு இந்த வைக்கோலும் தாளும் போதும். கொம்பைத் தீச்சு மொட்டை மாடுன்னு சொல்லுவாங்களே, சேத்துல உழுறதுக்குன்னே பொறந்தது. பொறக்கும்போது கன்னு செவப்பா இருக்கும், வளர வளரச் சாம்பலாயிடும். அது கறக்குறது ரெண்டு லிட்டர். நீங்க ஜெர்ஸியைக் கட்டி வச்சு உம்பளச்சேரிச் சாப்பாடு போடுறீங்க."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் அதைப் பார்த்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "பவுடரும் பொய்யில்ல தம்பி" என்றார்.

அமெரிக்காவில் 1960 வாக்கிலேயே மாட்டுத் தீவனத்தில் என்சைம் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரு தடவை பலித்தது, ஒரு தடவை கவிழ்த்தது. மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். 1990களில் கனடாவில் கேரன் பூஷமின் என்ற அம்மாள் மறுபடி ஆரம்பித்தார். காய்ந்த புல்லில் தெளித்துக் கொடுத்ததில் கன்றுகள் நன்றாக எடை போட்டன. அதே என்சைம், பார்லியை ஊறவைத்த பதனத் தீவனத்தில் தெளித்தால் பலன் இல்லை. தீவனத்துக்குத் தகுந்த என்சைம், அதுவும் சரியான அளவு, கூடினாலும் கெடும். தின்பதற்கு முன்னாலேயே காய்ந்த தீவனத்தில் தெளித்து நாரோடு ஒட்டவிட வேண்டும். தவிட்டில் கலக்கி ஊற்றினால் பெருவயிற்றுப் பாக்டீரியாக்களே அதைப் புரதமென்று தின்றுவிடலாம். உலகத்து ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டிப் பார்த்தபோது லாபம் சராசரியில் நாளைக்கு ஒரு லிட்டருக்கும் கீழே. அதுவும் நல்ல சாப்பாடு சாப்பிட்டு நிறையக் கறக்கும் சீமை மாடுகளில். கோழிக்கு என்றால் வேறு கதை: பைட்டேஸ் என்ற என்சைமைக் கோழித் தீவனத்தில் போடுவது உலகம் முழுக்க வழக்கம், ஏனென்றால் கோழி வயிற்றில் அந்த வேலைக்கு ஆள் இல்லை.

"சரி, மேயுற மாட்டுக்கு எப்படித் தெளிப்பீங்க? புது ஆத்துக் கரை முழுக்க ஸ்பிரேயரைத் தூக்கிட்டு முன்னாடி ஓடுவீங்களா?"

ஹரியானாவில் கர்னால் பால் ஆராய்ச்சி நிலையத்தில் இன்னொரு வழி பார்த்தார்களாம். வைக்கோலின் மேலேயே ஒரு காளானை வளரவிட்டு மாட்டுக்குக் கொடுப்பது. கர்னால் முறை என்றே பெயர். சிக்கல் என்னவென்றால், காளானும் சும்மா வேலை செய்யவில்லை; வைக்கோலில் ஒரு பங்கை அதுவே சாப்பிட்டுவிட்டது! தரகர் கமிஷன் மாதிரி.

"அப்ப நான் என்ன செய்யட்டும்?" சித்தப்பா முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"நாலு கிலோ யூரியா எடுங்க. 60, 65 லிட்டர் தண்ணியில நல்லாக் கரைச்சு, நூறு கிலோ வைக்கோல்ல அடுக்கடுக்காத் தெளிச்சு மிதிச்சு, தார்பாயைப் போட்டுக் காத்துப் போகாம மூடுங்க. 21 நாள். அப்புறம் எடுத்து ஒரு மணி நேரம் ஆற வச்சு, கொஞ்சம் கொஞ்சமாப் பழக்குங்க. கன்னுக்குட்டிக்குப் போடாதீங்க. கரைசலை மாடு குடிச்சுடாமப் பாத்துக்கங்க, உயிருக்கே ஆபத்து. அளவு தாண்டக்கூடாது."

மூடின குவியலுக்குள் யூரியா அம்மோனியாவாக மாறி, நாரின் கட்டைத் தளர்த்துகிறது. பாக்டீரியாவுக்கு வேண்டிய நைட்ரஜனும் அதிலேயே வந்துவிடுகிறது. மாற்றுவது எது தெரியுமா? வைக்கோலில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களின் யூரியேஸ். அதுவும் ஒரு என்சைம்தான் ஸார்! உலகத்தில் முதன்முதலாகப் படிகமாகப் பிரித்தெடுத்த என்சைமே அதுதான். 1926இல் ஜேம்ஸ் சம்னர் என்கிறவர், நம்ம தம்பட்டை அவரைக்குப் பங்காளியான ஒரு அவரை விதையிலிருந்து எடுத்தார். 1946இல் நோபல் பரிசு வாங்கினார். அந்த என்சைம் சித்தப்பாவின் வைக்கோலில் இலவசமாக உட்கார்ந்திருக்கிறது. நான் 780 ரூபாய் கொடுத்துப் பஸ்ஸில் பாதியைக் கொட்டிக்கொண்டு வந்தேன். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. நாலு கிலோவுக்கு ஆபீஸ் புத்தியில் கணக்குப் போட்டேன்: 24 ரூபாயைத் தொடவில்லை.

கூடவே கொஞ்சம் பசுந்தீவனம், தினம் ஒரு கை புண்ணாக்கு, தாது உப்பு என்று சொன்னார். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கம்பு நேப்பியர் கரணை நாலு வரிசை போர்செட் ஓரத்தில் வைத்தால் போதும், வேலியில் அகத்தி இருக்கவே இருக்கிறது.

டீக்குக் காசு கொடுக்கப் போனேன். டாக்டர் விடவில்லை. "பவுடரை எறிஞ்சுடாதீங்க. மாடு தேறட்டும், அப்புறம் காஞ்ச வைக்கோல்ல தெளிச்சுப் பாருங்க" என்றார். அதே சமயம், இதைவிட நல்ல வழி என்று தான் எத்தனையோ ஊரில் யூரியா வைக்கோல் செய்து காட்டியும், டெமோ முடிந்த மறுநாளே ஜனங்கள் தார்பாயை நெல் காயப்போட எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றும் சொன்னார். மூச்சு முட்டும் நாற்றம், வேலை, 21 நாள் காத்திருப்பு. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலமே சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். நான் பூவாளியில் தெளித்தேன், அவர் மிதித்தார், சித்தி தார்பாயைப் பிடித்தாள். எனக்கு ஒரு வாரம் இடுப்பு நிமிரவில்லை. என் ஜீன்ஸைச் சித்தி கல்லில் அடித்துத் துவைத்ததில் இன்னும் நாலு இடம் வெளுத்துவிட்டது. செல்லுலேஸ் வேலையா, சித்தி வேலையா, தெரியாது. மறுநாள் தரகர் வந்தபோது சித்தப்பா, "ஒரு மாசம் போவட்டும்" என்று மட்டும் சொன்னார். தரகர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

22ஆம் நாள் காலை ஆபீஸுக்குக் கிளம்பும் நேரத்தில் போன். தார்பாயைப் பிரித்ததும் சித்தப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டதாம், அம்மோனியா நெடி. வைக்கோல் மஞ்சள் மாறித் தேன் நிறத்தில் இருந்ததாம். லட்சுமி முதல் நாள் மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. இரண்டாம் நாள் சித்தி மேலே கொஞ்சம் தவிட்டைத் தூவினாள். மூன்றாம் நாள் கவணை காலி.

பிறகு வாரம் ஒரு போன். ஒரு மாதத்தில் அரை லிட்டர் கூடியது, ஃபேட் 3.8 வந்தது. யூரியாவாலா, புண்ணாக்காலா, அகத்தியாலா என்று டாக்டராலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லையாம். இரண்டாவது குவியல் மூடியாகிவிட்டது. நேப்பியர் கரணை துளிர்த்திருக்கிறது. புது ஆற்றில் தண்ணீர் வந்தால் நாலு வரிசை எட்டு வரிசை ஆகும் என்றார்.

"தரகர் என்ன சொல்றாரு சித்தப்பா?"

"நேத்துகூட வந்தாரு. சித்தி காபி போட்டுக் குடுத்தா. பால் கெட்டியா இருக்குன்னு சொல்லிட்டு, இன்னும் ரெண்டாயிரம் கூட வச்சுக் கேக்குறாரு. ஆடி கழியட்டும், பாப்போம்னேன்."

பவுடர் டப்பா பரணில், கஜாவில் உடைந்த ரேடியோவுக்குப் பக்கத்தில் இருக்கிறதாம்.